குதிரை கனைக்காத இரவு: ஸ்காண்டிநேவியக் குற்றப் புனைவுகள் குறித்து வாசகர்கள் கேட்டவை

குளிர்கால வாசிப்புக்கு ஸ்காண்டிநேவியத் துப்பறியும் நாவல்களும் த்ரில்லர்களும் பொருத்தமானவை என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் மூன்று நாவல்களையும் படித்துவிட்டேன். அதற்கு மேல் யாரைப் படிப்பது என்று தெரியவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: லார்சனுக்குப் பின் வந்தவர்களைத் தேடுவதைவிட, அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால் எழுதியவர்களிடம் செல்லும்படி சொல்வேன். மாய் ஷோவால், பேர் வாலோ என்ற சுவீடன் நாட்டு இணையர் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களைச் சேர்ந்து எழுதினார்கள். குழந்தைகள் உறங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து, ஓர் அத்தியாயத்தை ஒருவரும் அடுத்ததை மற்றவருமாக எழுதி முடித்தவை அவை. பத்துக்கும் சேர்த்து ‘ஒரு குற்றத்தின் கதை’ என்று பொதுப்பெயர் வைத்தார்கள். தன் உழைக்கும் மக்களுக்குக் கொடுத்த வாக்கை அரசு கைவிட்டதையே அவர்கள் அந்தக் குற்றமாகக் கருதினார்கள். சுவீடனில் ஊராட்சிகளின் கையில் இருந்த காவல்துறை தேசிய அரசின் கீழ் வந்ததும் அதே 1965-இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், காவலர்கள் தங்கள் துறையைப் பற்றிப் பேசும் கசப்பு வார்த்தைகளின் பின்னணி விளங்கும்.

முதல் நாவல் ‘ரோஸ்அன்னா’. அது கோடைக்காலத்தில் தொடங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜூலை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், யோட்டா கால்வாயின் மதகருகே சேறு அள்ளும் இயந்திரத்தின் வாளியில் ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. அவள் யார் என்பது தெரியவே காலம் பிடிக்கிறது. தெரிந்த பிறகும் துப்பறிவாளர் மார்ட்டின் பெக்கிடம் எந்தத் தடயமும் இல்லை. அவள் பயணம் செய்த உல்லாசப் படகில் அன்று இருந்த மற்ற பயணிகள் எடுத்த புகைப்படங்களையும் சிறு படச்சுருள்களையும் உலகின் பல மூலைகளிலிருந்து வரவழைக்கிறார்கள். இருட்டிய அறையில் அந்தச் சுருள்களில் ஒன்று ஓடுகிறது. யாரோ ஒரு சுற்றுலாப் பயணி தன் குடும்பத்துக்காக எடுத்த காட்சியின் ஓரத்தில், இறந்துபோன அந்தப் பெண் சில நொடிகள் உயிரோடு நடந்து போகிறாள். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத அந்தப் பக்கங்களைப் படித்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடையில் தொடங்கிய விசாரணை இலையுதிர் காலம் கடந்து குளிர்காலத்துக்குள் நீள்கிறது. இந்த வகை எழுத்தில் குளிர்காலத்தின் முதல் பொருள் காத்திருத்தல் என்பதை அந்த நாவலில்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் ஐம்பது பக்கங்களில் வேகம் போதவில்லை என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ‘த லாஃபிங் போலீஸ்மேன்’ நாவலுக்குப் போகலாம். 1967 நவம்பரில், ஸ்டாக்ஹோமில் அடைமழை பெய்யும் ஓர் இரவில், வியட்நாம் போரை எதிர்த்துக் கூடியவர்களைத் தடுக்கக் காவலர்கள் அமெரிக்கத் தூதரகத்தின் முன் குவிக்கப்பட்டிருக்கும் நேரத்தில், நகரின் வேறொரு மூலையில் ஒரு மாடிப் பேருந்தில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று மார்ட்டின் பெக்கின் மகள் அவருக்கு ஒரு நகைச்சுவைப் பாட்டின் இசைத்தட்டைப் பரிசளிக்கிறாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவரால் மட்டும் சிரிக்க முடிவதில்லை. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர்கள் ஆண்டுதோறும் வழங்கும் எட்கர் விருது 1971-இல் இந்த நாவலுக்குக் கிடைத்தது.

கேள்வி: வெளியே பனிப்புயல், வெளியேற வழியில்லை, உள்ளே கொலையாளி. இப்படிப்பட்ட கதைதான் எனக்கு வேண்டும். எவற்றைப் படிக்கலாம்?

பதில்: நீங்கள் கேட்பதை அப்படியே தருவது ஆன் ஹோல்ட் 2007-இல் எழுதிய ‘1222’. நார்வேயில் ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே மலைகளைக் கடந்து செல்லும் ரயில் பாதையில் மிக உயரத்தில் உள்ள நிலையம் ஃபின்சே. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 1222 மீட்டர். தலைப்பு அந்த எண்தான். புயலில் அந்த இடத்தருகே ரயில் தடம் புரள, பயணிகள் பக்கத்து விடுதியில் அடைக்கலம் புகுகிறார்கள். இரவுக்குள் அவர்களில் ஒரு பாதிரியார் கொல்லப்படுகிறார். அங்கே இருக்கும் ஒரே துப்பறிவாளர் ஹான்னே வில்ஹெல்ம்சன், துப்பாக்கிக் குண்டு முதுகுத்தண்டைத் தாக்கியதால் சக்கர நாற்காலியில் வாழ்பவர், பணியை விட்டவர், மனிதர்களோடு பேசவே விரும்பாதவர். காற்றின் வேகத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவுகோலின் படிகளைக் கொண்டு அத்தியாயங்கள் பகுக்கப்பட்டுள்ளதால், பக்கங்கள் திரும்பத் திரும்பக் காற்று ஏறுவதை நாமும் உணர்கிறோம். ஹோல்ட் ஒரு வழக்கறிஞர். 1996-97-இல் நார்வேயின் நீதித்துறை அமைச்சராகச் சில மாதங்கள் பணியாற்றியவர். விடுதிக்குள் அடைபட்ட கூட்டம் யார் சொல்லுக்குக் கட்டுப்படும், யார் சொல்லைப் புறந்தள்ளும் என்பதை அவர் காட்டும் விதத்தில் அந்த அனுபவம் தெரிகிறது.

ஐஸ்லாந்தின் ராக்னர் யோனாசன் எழுதிய ‘ஸ்னோபிளைண்ட்’ இதற்கு அடுத்தது. தீவின் வடகோடியில் உள்ள சிக்லுஃப்யோர்துர் என்ற மீனவ ஊருக்கு ஓர் இளம் காவலர் தன் முதல் வேலைக்காக வருகிறார். மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகத்தான் ஊருக்குள் வர முடியும். பனிச்சரிவில் சாலை மூடிக்கொண்டால் ஊரே தனித்தீவாகிவிடும். வீடுகளைப் பூட்டும் பழக்கம் இல்லாத அந்த ஊரில் ஒரு பெண் வீட்டுத் தோட்டத்துப் பனியில் இரத்தம் வடிந்த நிலையில் கிடக்கிறாள். அகதா கிறிஸ்டியின் பதினான்கு நாவல்களை ஐஸ்லாந்து மொழிக்குக் கொண்டுசென்றவர் யோனாசன். புதிரை எங்கே விதைப்பது, எங்கே மறைப்பது என்ற கணக்கு அவருக்கு அங்கிருந்து கிடைத்திருக்க வேண்டும். நடை சற்றே தட்டையாகத் தோன்றினாலும், ஜன்னலுக்கு வெளியே பனி ஏற ஏற அந்த இளைஞனுக்கு மூச்சு முட்டுவதை அவர் எழுதும் இடங்கள் உண்மையானவை.

சுவீடனின் ஓலாண்ட் தீவில் பனிப்புயலுக்கு ‘ஃபோக்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. யோகான் தியோரின் அந்தத் தீவை வைத்து நான்கு பருவங்களுக்கு நான்கு நாவல்கள் எழுதினார். அவற்றுள் குளிர்காலத்துக்கு உரியது ‘த டார்க்கஸ்ட் ரூம்’. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பழைய மாளிகைக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. பேய்க்கதையோ என்று ஐயுறும்படி நகர்ந்து, குற்றக்கதையாக முடிகிறது. தனியாக இருக்கும் இரவில் அதைப் படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் பனியைப் பற்றிய நாவல் ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்றால், டென்மார்க்கின் பீட்டர் ஹோ 1992-இல் வெளியிட்ட ‘மிஸ் ஸ்மில்லாஸ் ஃபீலிங் ஃபார் ஸ்னோ’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கோபன்ஹேகனில் டிசம்பர் மாதம். வழக்கத்துக்கு மாறாக மைனஸ் 18 டிகிரி குளிர். கிரீன்லாந்துச் சிறுவன் ஒருவன் கிடங்குக் கூரையிலிருந்து விழுந்து இறக்கிறான். விளையாடும்போது தவறி விழுந்தான் என்று காவலர்கள் முடிவுக்கு வருகிறார்கள். கிரீன்லாந்துத் தாய்க்குப் பிறந்த ஸ்மில்லா கூரைக்கு ஏறிப் போய், பனியில் பதிந்த அவன் காலடிகளைப் பார்க்கிறாள். விளையாடும் குழந்தையின் தடம் வளையும், திரும்பும், நின்று தயங்கும். இந்தத் தடம் நேராக விளிம்பை நோக்கிப் போகிறது. உயரத்தைக் கண்டாலே நடுங்கும் பையன் அவன் என்பதும் அவளுக்குத் தெரியும். பனியை எழுத்தைப் போல வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி, அதை வெறும் வெள்ளையாகப் பார்ப்பவர்களிடையே தனித்து நிற்கும் அந்தக் காட்சி டென்மார்க், கிரீன்லாந்து உறவின் வரலாற்றையே ஒரு கூரைமேல் கொண்டுவந்து வைக்கிறது. நாவலின் பிற்பாதி, கப்பல் பயணத்தில், சற்றுச் சிக்கலாகிறது. முற்பாதிக்காக அதை மன்னிக்கலாம்.

கேள்வி: பின்லாந்தும் ஐஸ்லாந்தும் ஸ்காண்டிநேவியாவில் அடங்குமா?

பதில்: கறாராகச் சொன்னால் டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றுமே ஸ்காண்டிநேவியா. பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துச் சொல்லும்போது நார்டிக் நாடுகள் என்பார்கள். சிறந்த குற்ற நாவலுக்கு 1992 முதல் வழங்கப்படும் ‘கண்ணாடிச் சாவி’ விருது ஐந்து நாடுகளுக்கும் பொதுவானது என்பதால், வாசகர்கள் ஐந்தையும் ஒரே குடும்பமாகக் கருதுவதில் பிழையில்லை. பின்லாந்திலிருந்து ஒருவரை மட்டும் படிப்பதென்றால் மட்டி யோயென்சூவைப் படியுங்கள். அவரே ஹெல்சிங்கியில் காவல் அதிகாரியாக இருந்தவர்.

கேள்வி: உலகிலேயே அமைதியான நாடுகள் என்று பெயர் பெற்றவை இவை. பிறகு ஏன் இத்தனை கொலைக்கதைகள்?

பதில்: நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஐஸ்லாந்தில் நடக்கும் கொலைகளைவிட அங்கே எழுதப்படும் கொலைகள் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். கொலை அன்றாடச் செய்தியாக இருக்கும் இடத்தில் அதை ஒரு கேள்வியாக முன்வைப்பது கடினம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பும் ஊரில் ஓர் உடல் கிடந்தால், அந்த நம்பிக்கையே விசாரணைக்கு உள்ளாகிறது. இந்த எழுத்தாளர்கள் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹென்னிங் மான்கெல் 1991-இல் எழுதிய ‘ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்’ நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். 1990 ஜனவரியின் ஓர் இரவு. தெற்கு சுவீடனில் ஸ்கோனே வட்டாரத்தின் வயல்வெளியில் ஒரு முதிய விவசாயி விழித்துக்கொள்கிறார். ஏதோ மாறியிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. இருட்டில் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்கிறார். பக்கத்து வீட்டுத் தொழுவத்துக் குதிரை இரவில் கனைப்பது வழக்கம், இன்று கனைக்கவில்லை. பல ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்த அண்டைவீட்டாரின் மரணம் ஒரு சத்தமாக வராமல், சத்தத்தின் இன்மையாக வருகிறது. அங்கே கணவர் இறந்து கிடக்கிறார். மனைவி குற்றுயிராக இருக்கிறார். இறக்கும் முன் அந்த மூதாட்டி சொல்லும் ஒரே சொல் ‘அந்நியர்’ என்ற பொருள்படுவது. அந்தச் சொல் வெளியே கசிந்ததும் வட்டாரத்திலுள்ள அகதிகள் முகாமின் மீது வன்முறை பாய்கிறது. யீஸ்டாட் நகரத்துக் காவலர் குர்ட் வாலாண்டர் ஒரு கொலையைத் துப்பறிய வந்து, தன் அண்டையர் மனத்தில் உறங்கிக்கொண்டிருந்த வெறுப்பைக் கண்டு திகைக்கிறார். ஆப்பிரிக்காவில் தங்கியிருந்து நாடு திரும்பிய மான்கெல், சுவீடனில் வளர்ந்திருந்த இனவெறுப்பைப் பற்றி எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அந்தக் காவலரைப் படைத்தார். முதல் ‘கண்ணாடிச் சாவி’ விருதும் அந்த நாவலுக்கே கிடைத்தது.

1986 பிப்ரவரி 28 இரவையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவீடன் பிரதமர் உலோஃப் பால்மே, மெய்க்காவலர் எவருமின்றி, மனைவியோடு திரையரங்கிலிருந்து நடந்து திரும்பும்போது ஸ்டாக்ஹோமின் ஸ்வேயாவேகன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. அதன் பிறகு எவரும் தண்டிக்கப்படவில்லை. நாட்டின் தலைவரைக் கொன்றவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க முடியாத காவல்துறை, தன் எல்லையை அறிந்த, தூங்க முடியாத, வயிற்றுவலியோடு அலையும் துப்பறிவாளர்களாக நாவல்களுக்குள் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. லார்சனும் அந்தக் கொலை பற்றி ஏராளமான குறிப்புகளைத் திரட்டி வைத்திருந்தார்.

நார்வேயில் புண் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்று கிழக்கு முனையில் போரிடப் போன நார்வே இளைஞர்களின் கதையை எடுத்துக்கொண்டு யூ நெஸ்போ 2000-இல் ‘த ரெட்பிரெஸ்ட்’ நாவலை எழுதினார். ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற நாடு என்ற பெருமைக்கு நடுவே பேசப்படாமல் இருந்தவர்கள் அவர்கள். நெஸ்போவின் நாவல்களில் நான் மீண்டும் படிக்கும் ஒன்று அதுதான்.

கேள்வி: பெண்கள் மீதான வன்முறையை இவர்கள் விரிவாக எழுதுவது எனக்குத் தாங்க முடியவில்லை. இரண்டு நாவல்களைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். நான் படிக்கக்கூடியவை ஏதேனும் உண்டா?

பதில்: பாதியில் வைத்ததற்காக வருந்த வேண்டாம். அது வாசகரின் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. லார்சனின் முதல் நாவலுக்கு சுவீடன் மொழியில் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பெயர். அதன் பகுதிகளின் முகப்பில் சுவீடனில் பெண்கள் மீது நிகழும் வன்முறை பற்றிய புள்ளிவிவரங்களை அவர் வைத்தார். ஆங்கிலத்தில் அந்தத் தலைப்பு மறைந்து, பச்சை குத்திய ஒரு பெண் தலைப்பானாள். கோபத்தோடு எழுதப்பட்ட நூல் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கோபத்தின் பெயரில் எழுதப்படும் சில காட்சிகள் அவசியத்துக்கு மேல் நீள்கின்றன. நெஸ்போவின் ‘த ஸ்னோமேன்’ நாவலிலும் இந்தக் குறை உண்டு. அது திறமையாகப் பின்னப்பட்ட த்ரில்லர். முற்றத்தில் நிற்கும் பனிமனிதன் தெருவைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நிற்பது போன்ற ஓர் எளிய மாற்றத்திலேயே அச்சத்தை வரவழைக்கத் தெரிந்தவருக்கு அவ்வளவு இரத்தம் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

நீங்கள் படிக்க வேண்டியவர் நார்வேயின் காரின் ஃபோசும். கவிஞராகத் தொடங்கியவர் அவர். கொலையைக் காட்டுவதைவிட, கொலைக்குப் பின் ஒரு சிற்றூரில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் அவர் கவனம் இருக்கிறது. ‘டோன்ட் லுக் பேக்’ நாவலில் முதலில் காணாமல் போவது ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை. ஊரே பதறித் தேட, அவள் பத்திரமாகத் திரும்பி வருகிறாள். நாம் நிம்மதி அடையும் வேளையில், ஏரிக்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சாதாரணமாகச் சொல்கிறாள்.

இந்திய வாசகர்களுக்கு ஃபோசுமின் இன்னொரு நாவலையும் குறிப்பிட வேண்டும். 2000-இல் வெளிவந்து, அமெரிக்கப் பதிப்பில் ‘தி இண்டியன் பிரைட்’ என்ற பெயர் பெற்றது அது. விவசாய இயந்திரங்கள் விற்கும் நடுவயது நார்வேக்காரர் ஒருவர் மும்பைக்கு வந்து பூனா என்ற பெண்ணை மணக்கிறார். அவள் பின்னர் தனியாக நார்வேக்கு வந்து இறங்கும் நாளில், அவருடைய தங்கை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். அவரால் விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை, வேறொருவரை அனுப்புகிறார். அவள் வீடு வந்து சேர்வதே இல்லை. நடந்தது கொடூரமானது, அதைச் சுருக்கமாகவே சொல்லிவிட்டு, காத்திருந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார் ஃபோசும். எவர் மீது ஐயம் விழுகிறதோ அவரையும் நாம் வெறுக்க முடியாதபடி எழுதுகிறார்.

ஐஸ்லாந்தின் ஆர்னல்டூர் இந்திரிதசோன் எழுதிய ‘சைலன்ஸ் ஆஃப் த கிரேவ்’ மிகச் சிறந்த நாவல். பிறந்தநாள் விருந்தில் தரையில் தவழும் குழந்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பது மனித எலும்பு என்பதை ஒரு மருத்துவ மாணவர் கண்டுகொள்வதில் அது தொடங்குகிறது. ஆனால் குடும்பத்துக்குள் நிகழும் வன்முறையே அதன் மையம் என்பதால், உங்களுக்கு உடனே அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: தொடர் நாவல்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

பதில்: மார்ட்டின் பெக்கை வரிசையாகப் படியுங்கள், பத்தும் ஒரே கதை. வாலாண்டரையும் அப்படியே படித்தால், அவருடைய தந்தை முதுமையில் தளர்வதும் மகள் வளர்வதும் மனத்தில் தங்கும். நெஸ்போவின் ஹாரி ஹூலே தொடரில் முதல் நாவல் ஆஸ்திரேலியாவிலும் இரண்டாவது பாங்காக்கிலும் நடப்பதால், பனிக்காகப் போகிறவர் மூன்றாவதான ‘த ரெட்பிரெஸ்ட்’டிலிருந்து தொடங்கலாம். ஆங்கில வாசகர்களும் வரிசை மாறித்தான் படித்தார்கள். முதல் நாவல் ஆங்கிலத்துக்கு வந்தது 2012-இல். இந்திரிதசோனின் எர்லெண்டூர் தொடரும் ஆங்கிலத்தில் மூன்றாம் நூலான ‘ஜார் சிட்டி’யில்தான் தொடங்கியது. சிறுவயதில் பனிப்புயலில் தம்பியைத் தொலைத்தவர் துப்பறிவாளர் எர்லெண்டூர். புயலில் வழிதவறிக் காணாமல் போனவர்களைப் பற்றிய பழைய பதிவுகளை இரவெல்லாம் படித்துக்கொண்டிருப்பார். அந்தத் தம்பியின் கதை நூல்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகவே திறப்பதால், அவரை மட்டும் முன்பின்னாகப் படிக்க வேண்டாம்.

கேள்வி: நார்வேக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறையில் கொலைக்கதை படிப்பார்களாமே, உண்மையா?

பதில்: முழு உண்மை. அதற்கு ‘போஸ்கே க்ரிம்’, அதாவது ஈஸ்டர் குற்றக்கதை என்று பெயரே உண்டு. 1923-இல் நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இளைஞர் இருவர் புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார்கள். பெர்கன் ரயில் கொள்ளையடிக்கப்படுவதுதான் கதை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம், மார்ச் 24 அன்று, ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் முதல் பக்கத்தில் ‘நேற்றிரவு பெர்கன் ரயில் கொள்ளை’ என்று பெரிய எழுத்தில் வந்தது. அது நூலின் தலைப்பு, பதிப்பகத்தின் விளம்பரம். அந்தப் பாதையில் உறவினர்கள் பயணம் செய்துகொண்டிருந்த பலர் செய்தி என்று நம்பிப் பதறிப்போனார்கள். பதிப்பகத்தை நடத்தியவர் கிரீக்கின் அண்ணன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் தொடர்கிறது; ஈஸ்டர் நாட்களில் பால் அட்டைப்பெட்டிகளின் மேல்கூடச் சிறு துப்பறியும் படக்கதைகள் அச்சாகின்றன. மலைக் குடில்களில் பனி இன்னும் உருகாத பருவம் அது என்பதால் இதையும் குளிர்கால வாசிப்பு என்றே கொள்ளலாம். மேலே சொன்ன ‘1222’ நாவலின் ரயிலும் அதே பாதையில் ஓடுவதுதான்.

ஐஸ்லாந்தில் பருவம் வேறு. அங்கே ஆண்டின் புதிய நூல்களில் பெரும்பகுதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் வெளிவருகிறது. நூற்பட்டியல் வீடுதோறும் அனுப்பப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் புத்தகங்களைப் பரிசளித்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் ரெய்க்யாவிக்கில் பகல் வெளிச்சம் நான்கு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் என்பதை நினைத்தால், அந்தப் பரிசின் அருமை புரியும்.

கேள்வி: இவற்றில் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்க ஆசை. ஆங்கிலம் வழியாகத்தான் செய்ய முடியும். எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் பெயர்கள். நெஸ்போவின் முதற்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து ‘ஜோ’ என்று எழுதிவிடாதீர்கள். நார்வேயில் அது ‘யூ’. அவருடைய துப்பறிவாளர் ‘ஹோல்’ அல்லர், ‘ஹூலே’. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஆர்னல்டூர் இந்திரிதசோன் என்றால் இந்திரிதியின் மகன் ஆர்னல்டூர். அவருடைய தந்தையும் எழுத்தாளர். அவர் பெயர் இந்திரிதி தோர்ஸ்டைன்சோன், ஏனெனில் அவர் தோர்ஸ்டைனின் மகன். அச்சிட்ட தொலைபேசி விவரத் தொகுப்பு இருந்த காலத்தில் அதில்கூட அங்கே முதற்பெயரின் வரிசையில்தான் தேட வேண்டியிருந்தது. நம் பெயர்முறைக்கு நெருக்கமான இந்த வழக்கம் ஆங்கிலம் வழியாக வரும்போது தெரியாமல் போகும். தமிழில் அதை மீட்டுவிடலாம்.

அடுத்தது நீ, நீங்கள். ஆங்கிலம் உங்களுக்கு இங்கே உதவாது. சுவீடனில் 1960-களின் நடுப்பகுதி வரை ஒருவரை மரியாதையாக அழைக்க வேண்டுமானால் அவருடைய பதவியைச் சொல்லி, படர்க்கையில் பேசுவது வழக்கம். 1967-இல் தேசிய மருத்துவ வாரியத்தின் தலைவர் ப்ரூர் ரெக்செட், தம் அலுவலகத்தில் எல்லோரையும் ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். நம் ‘நீ’க்கு இணையான சொல் அது. நாடு முழுவதும் சில ஆண்டுகளில் அப்படியே மாறியது. எனவே பிற்கால நாவல்களில் கடைநிலைக் காவலரும் தலைமை அதிகாரியை ‘டூ’ என்றே அழைப்பார். தமிழில் அதை ‘நீ’ என்று வைத்தால் அவமதிப்பாக ஒலிக்கும். ‘ஐயா, தாங்கள்’ என்று வைத்தால் அந்தச் சமூகத்தின் சமநிலையே காணாமல் போய்விடும். என் யோசனை இது: மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ‘நீங்கள்’ என்றே வையுங்கள், ‘ஐயா’வை முற்றிலும் நீக்கி, பெயர் சொல்லி அழைக்க விடுங்கள். “மார்ட்டின், இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று இளையவர் சொல்லும்போது மரியாதையும் கெடாது, இருவருக்குமிடையே படிக்கட்டும் தோன்றாது. ‘நீ’யை உறவுகளுக்கும் பழைய நண்பர்களுக்கும், விசாரணை அறையில் ஒருவர் பொறுமை இழக்கும் கணத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாவதும் கடினமானதும் பனி. தமிழில் ‘பனி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது புல்நுனியில் நிற்கும் துளி. ‘பனி பெய்கிறது’ என்று நீங்கள் எழுதினால் வாசகர் மனத்தில் விடியற்காலைத் துளிகள் விழும். அந்தப் பனியில் காலடி பதியாது, உடல் புதையாது. தரையில் தேங்கிக் கிடப்பதற்கு வெண்பனி, கண்ணாடியில் படர்வதற்கு உறைபனி, நீர்நிலை இறுகிக் கிடப்பதற்குப் பனிக்கட்டி, காற்றோடு வருவதற்குப் பனிப்புயல் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்து, கடைசி வரை அந்தச் சொற்களை மாற்றாமல் வைத்திருங்கள். ‘ஃபோக்’ போன்ற வட்டாரச் சொல் வந்தால் மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, அடுத்த வரியில் காற்றின் குணத்தால் அதைப் புரியவையுங்கள். ஸ்மில்லாவின் கதையைத் தேர்ந்தெடுப்பீர்களானால், கிரீன்லாந்து மொழியில் பனிக்கு வழங்கும் சொற்களை அவள் சொல்லும் இடங்களிலும் இதையே செய்ய வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கங்களில் பேசப்பட்ட நூல்கள் எல்லாமே இன்னும் பதிப்புரிமையில் உள்ளவை. மாய் ஷோவால் மறைந்ததே 2020-இல்தான். உரிமை கேட்டு எழுதுவதற்கு முன், பழகிப் பார்க்க ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரோஸ்அன்னா’வில் படச்சுருள் ஓடும் அந்த இருட்டறைப் பகுதியை நான் பரிந்துரைக்கிறேன். வசனம் குறைவு, வெண்பனி இல்லை, காவலர்கள் சிலர் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மொழிபெயர்த்து அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு என் குறிப்புகளைத் தனிக்கடிதமாக எழுதுகிறேன்.